கிருஷ்ணாபுரத்தில் தொடங்கிய கைடு வேலை

திருநெல்வேலியில் கைடு ஆக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சான்றிதழைப் பற்றித்தான். மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘இன்கிரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்’ என்ற பெயரில் ஆன்லைனில் ஒரு படிப்பு நடத்துகிறது. அதை வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதினேன். போலீஸ் சரிபார்ப்புக்குக் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு அப்புறம்தான் தொடங்கியது. ஊர் முழுக்கச் சுற்றிக்காட்டக் கிளம்பாமல், கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலை மட்டும் பிடித்துக்கொண்டேன். திருச்செந்தூர் சாலையில் பக்கத்திலேயே இருக்கிறது. நாயக்கர் காலச் சிற்பங்கள். நாகாஸ்திரத்தோடு கர்ணன், ரதி, மன்மதன், வீரபத்திரர், இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவன் என்று ஒவ்வொன்றும் தூணோடு ஒரே கல்லில் செதுக்கியவை. வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று அங்கேயே இருந்து கவனித்தேன். பலர் குறவனின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாரம் தாங்கும் உடம்பில் விலா எலும்புகள் புடைத்திருப்பது கண்ணில் படாது. அதனால் நான் கதையை முதலில் சொல்வதில்லை. “விலாவைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பேன். அவர்களாகவே “யாரைத் தூக்கிட்டுப் போறான்?” என்று கேட்பார்கள். அப்போது சொல்லும் கதைதான் மனதில் நிற்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கூட்டிப்போவது நல்லது.

அந்த ஒரு கோயில் கைவசமான பிறகுதான் நெல்லையப்பர் கோயிலுக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் போனேன். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிக் காட்டச் சொல்லிப் பலர் கேட்பார்கள். நான் தட்டுவதில்லை, தட்ட விடுவதும் இல்லை. தேய்ந்த கல் திரும்பி வராது. கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர்க்காரர்களையே பேச வைத்துவிடுவேன். என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

வேலை பிடித்துக் கொடுத்தவர்கள் ஆட்டோக்காரர்களும் லாட்ஜ் வரவேற்பில் இருப்பவர்களும்தான். ஒரு டிராவல்ஸ் நிறுவனம் பேசிய பணத்தைத் தரவே இல்லை. அன்றிலிருந்து பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறேன். கடைக்குக் கூட்டிப்போய் கமிஷன் வாங்கும் பழக்கத்தை மட்டும் ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை அந்தச் சந்தேகம் வந்துவிட்டால், அப்புறம் நீங்கள் சிற்பத்தைப் பற்றிச் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் தொடங்கலாம். வெயில் குறைவு, கூந்தன்குளத்தில் பறவைகளும் இருக்கும், மார்கழியில் சபரிமலை போகிறவர்களின் வண்டிகளும் இந்தப் பக்கம் நிறைய வரும்.