நான்காம் படி கல்லிடைக்குறிச்சி

ஜூன் 2

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. பால் வாங்கப் போன அத்தை பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கார் நடவுக்கு ஊரே காத்திருந்த தண்ணீர். தண்ணீரைக் கண்டால் என் மகன் அந்தப் பக்கமே ஓடுவான். எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஜூன் 3

வாசல் கதவின் உச்சியில் இன்னொரு தாழ்ப்பாள். நானே எக்கித்தான் போட வேண்டியிருக்கிறது.

ஜூன் 5

தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி மகனை ‘ட’ எழுத வைத்தேன். நேராக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு, அவ்வளவுதான். ஆறு மாதமாக அந்த இரண்டாவது கோடு வரவில்லை. மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தென்காசி வரை சொல்லி முடிக்கிறான். ஒரு ரயில் நிலையத்தைக்கூட விடுவதில்லை. ஊர்ப் பெயர்களை அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டால் வரிசையாக அடுக்கியும் விடுகிறான். எழுத்து தெரியாத பிள்ளை என்று இவனை எப்படிச் சொல்வது?

ஜூன் 8

பள்ளி வேன் போகத் தொடங்கிவிட்டது. இந்த வருடமாவது அனுப்பலாமே என்று எதிர்வீட்டு மதினி கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி இவன் உரிமை என்று அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டியவள்தான் நான். “சட்டம் சரிதான் அம்மா, இவனுக்கென்று ஓர் ஆள் போட எங்களிடம் யார் இருக்கிறார்கள்?” என்றார்கள். சேர்த்த இரண்டாவது வாரமே, மதியத்தோடு அழைத்துப் போய்விடுங்கள் என்றார்கள். மதியம் வரையிலும் அவனை வராந்தாவில்தான் உட்கார்த்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இதை மதினியிடம் சொல்லவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜூன் 9

இரவில் மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

ஜூன் 12

முக்காலியை இழுத்துப்போட்டு ஏறித் திறந்திருக்கிறான். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள்.

கால்வாய்க் கரையில் பிடித்தவள் அப்பளம் உருட்டும் அக்கா. சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பற்றி இழுத்திருக்கிறாள். இரண்டு பொத்தான்கள் போய்விட்டன. நீலச் சட்டையின் முதுகில் உளுந்து மாவு, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. கட்டைவிரல் காலருக்குக் கீழே. அவளுக்கு நன்றி சொன்னேனா என்பதே நினைவில்லை. சட்டையைத் துவைக்கவில்லை. துவைக்க மாட்டேன்.

ஜூன் 13

பாடம் இல்லை.

ஜூன் 15

வாரம் ஒரு முறை வரும் சிறப்பாசிரியர் வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, “நில் என்றால் நிற்பானா?” என்றார்.

‘ட’வுக்கு ஆறு மாதம் கொடுத்திருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

ஜூன் 16

முற்றத்தில் நில், நில், நில். நிற்கவில்லை. குரலை உயர்த்தினேன். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், பழைய தழும்பின் மேலேயே. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 19

என் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆற்றுப் படித்துறைக்கே அழைத்துப் போனேன். அத்தைக்குச் சம்மதமில்லை. பிள்ளையைத் தண்ணீரிலேயே கொண்டுபோய் விடுகிறாயா என்று அழுதார்கள். எத்தனை தாழ்ப்பாள் போட்டாலும் இந்த ஊரில் தண்ணீர் இருக்கத்தானே செய்யும்.

ஐந்தாம் படியில் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போனது. இவன் உடம்பு முழுவதும் அந்தப் பக்கமே இழுக்கிறது. இடுப்பைச் சுற்றி என் துண்டு, முனை என் கையில். முதல் படியில் கால் வைத்ததும் என்ன தோன்றியதோ, “சேரன்மகாதேவி, நில்” என்றேன். நின்றான்! அடுத்த படி காருகுறிச்சி. நின்றான். மூன்றாவது வீரவநல்லூர். தொண்டைக்குள் ரயில் மாதிரி முனகிக்கொண்டே இறங்குகிறான், படிக்குப் படி நிற்கிறான். நிலையம் வந்தால் ரயில் நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. நான்காவது படி கல்லிடைக்குறிச்சி. நம் ஊர், இறங்கிவிட வேண்டும். அங்கேயே உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டான்.

துண்டைப் பிடித்த என் கை வீடு வந்த பிறகும் நடுங்கியது.

ஜூன் 20

பதினோரு முறை ஏறி இறங்கினோம். பதினொன்றிலும் நின்றான்.

ஜூன் 22

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வெறும் ‘நில்’. நின்றான். முற்றத்திலும் நின்றான். தாம்பாள மணலைக் கொட்டிவிட்டேன். எழுத்து வரும்போது வரட்டும்.

ஜூன் 23

இன்று தம்பியைச் சொல்லச் சொன்னேன். அதே படி, அதே சொல், அதே துண்டு. நிற்கவில்லை. ஐந்தாம் படியில் கால் வைத்த பிறகுதான் இழுத்துப் பிடித்தோம். என் குரலுக்குத்தான் நின்றிருக்கிறான், சொல்லுக்கு நிற்கவில்லை. அன்று கரையில் இருந்தது நானா? அக்காதானே.

ஒவ்வொரு குரலாக, முதலிலிருந்து. தம்பி, அத்தை, மதினி, அப்பளக்கார அக்கா.

ஜூன் 24

தம்பி சேரன்மகாதேவியிலிருந்து தொடங்கினான். இவன் இரண்டு படி நின்றான்.

நாளை அத்தை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சாரல் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, இப்போதுதான் சுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.