மேலே இருப்பது மேற்குதானே, சார்?

2013இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் 17 ஆண்டு சேவை முடித்து ஊர் திரும்பினேன். சிற்றாறு தாமிரபரணியில் வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கம் எங்கள் ஊர். கறுப்பு இரும்புப் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைப்பதற்குள் பெரியப்பா கேட்டுவிட்டார்: "எந்த வங்கியில் சேரப் போகிறாய்?" முன்னாள் படைவீரன் என்றால் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பான் என்பது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். அது கௌரவமான வேலைதான். ஆனால் என் மனம் வேறொன்றில் இருந்தது. இடையில் மூன்று ஆண்டுகள் வெலிங்டன் பயிற்சி மையத்தில் உஸ்தாதாக, அதாவது பயிற்றுநராக இருந்து, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு வரைபட வாசிப்பு கற்றுக்கொடுத்தேன். என் சேவைக்காலத்தில் நான் மிகவும் நிறைவாக இருந்தது அப்போதுதான். அதனால் பள்ளி ஆசிரியராகப் போகிறேன் என்றேன். பெரியப்பா பதில் சொல்லவில்லை.

எனக்கு நியமன ஆணை கிடைத்தபோது வயது 46. நடுவில் போன ஆண்டுகளில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம். இப்போது சேவையில் இருக்கும் தம்பிகளுக்கு அது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி பட்டப்படிப்பில் விழுந்தது. 15 ஆண்டு சேவை முடித்தவர்களுக்குப் படையில் ஒரு பட்டதாரிச் சான்றிதழ் தருவார்கள். பட்டம் கேட்கும் 'சி' பிரிவு மத்திய அரசு வேலைகளில் தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாதவற்றுக்கு அது செல்லும். நான் அதை எடுத்துக்கொண்டு பி.எட். சேரப் போனேன். கல்லூரி அலுவலர் அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேலைக்கு ஆகும் சார், படிப்புக்கு ஆகாது" என்றார். அவர் சொன்னது சரி. பி.எட். சேரப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். வங்கிக் காவலராகவே சேர்ந்து, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. வரலாறு படித்தேன். மூன்று ஆண்டுகள் போயின. அதே படிப்பை முகாமில் இருந்தபோதே முடித்திருக்கலாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் படையில் சேர்ந்தவன் என்பதால் அந்த அளவில் தப்பித்தேன். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக வாங்கிய பட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஏற்பதில்லை. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை மாறக் கூடாது. இது தெரியாமல் பணம் கட்டிப் படித்துவிட்டுக் கலங்கி நின்ற இருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் எனக்கு ஒற்றை முன்னெழுத்து. படை ஆவணத்தில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து, என் பெயரின் பாதியாகவே ஆகிவிட்டிருந்தது. சேவையில் இருக்கும்போது யூனிட் எழுத்தர் பார்ட் டூ ஆர்டர், அதாவது படை ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் ஆணை, போட்டு முடித்துக் கொடுத்திருப்பார். வெளியே வந்தபின் பிரமாணப் பத்திரம், வெலிங்டன் ஆவண அலுவலகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் என்று எட்டு மாதம் அலைந்தேன்.

2016இல் வங்கி வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தேன். முன்பு ஓராண்டாக இருந்த படிப்பு, நான் சேர்வதற்கு முந்தைய ஆண்டுதான் ஈராண்டாகியிருந்தது. ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால் குடும்பம் தாங்கியது. பாளையங்கோட்டையில் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் என் மூத்த மகளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர்கள். ஆனால் ஒருவர்கூட என்னை ஒதுக்கவில்லை. உளவியல் பாடத்தில் நான் திணறியபோது அந்தப் பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

2019 ஜூனில் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில், பட்டதாரி ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளை எழுதினேன். மொத்தம் 150 மதிப்பெண். அப்போது நான் வரும் பிரிவுக்கு 82 எடுத்தால் தேர்ச்சி. 79 எடுத்தேன். அந்த முறை எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்பது ஆறுதலாக இல்லை. அடுத்த இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியில்தான் நடந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்! தேர்வே வைக்காமல் வயதை மட்டும் ஏறவிடுவது எந்த வகையில் நியாயம் என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

அந்தக் காத்திருப்பில்தான் நான் உண்மையில் ஆசிரியரானேன். கொரோனாவுக்குப் பின் 2021 இறுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. மாலை 5 முதல் 7 வரை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீசையும் உயரமுமாக நான் போய் நின்றதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் அணிவகுப்புக் குரலில் வருகை எடுத்தேன். ஒரு சிறுமி அழுதுவிட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படையில் பாடம் முடிந்ததும் "சந்தேகம் உண்டா?" என்று கேட்போம். நாற்பது குரல் ஒன்றாக "இல்லை உஸ்தாத்" என்று முழங்கும். அதையே புரிதல் என்று நம்பியிருந்தேன். பிள்ளைகள் அப்படி முழங்கவில்லை, பேசாமல் இருந்தார்கள்.

ஒரு மாலை, அம்மன் கோயில் மண்டபத்துச் சுவரில் தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, மேற்கு எது என்று கேட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து வரைபடத்தின் உச்சியில், சென்னைக்கும் மேலே, விரலை வைத்தான். "தவறு" என்றேன். அவன் விரலை எடுக்கவில்லை. "மேலே இருப்பது மேற்குதானே, சார்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் ஊரில் மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே. ஆறு மேற்கே பொதிகையில் இறங்கி, கிழக்கே புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மேடான திசை மேற்கு, தாழ்ந்த திசை கிழக்கு. நம் மொழி திசைக்குப் பெயர் வைத்த விதத்தைத்தான் அவன் சொன்னான். வடக்கை உச்சியில் வைத்து அச்சடித்த தாளை விளக்கம் இல்லாமல் மாட்டியது நான்.

வரைபடத்தைத் திசைக்கு அமைப்பதுதான் வெலிங்டனில் முதல் பாடம். நூறு முறை சொல்லிக்கொடுத்ததைச் சுவரைக் கண்டதும் மறந்திருக்கிறேன். வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்தேன். தாளின் மேற்கு ஓரம் மலையைப் பார்க்கும்படி திருப்பிவைத்து, அவன் பக்கத்தில் நானும் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அவன் தாமிரபரணிக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே மலையிலிருந்து கடல்வரை போனான். சுற்றியிருந்த பிள்ளைகள் குனிந்து தங்கள் ஊரைத் தேட ஆரம்பித்தார்கள். ஏழு மணிக்கு எழுந்து போகச் சொன்னபோது ஒருவரும் எழவில்லை.

2023இல் டெட் 91 மதிப்பெண்ணில் தேறினேன். தேறினால் மட்டும் வேலை இல்லை. தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. அக்டோபரில் அறிவிக்கை வந்தது. இடையில் குறைத்திருந்த வயது வரம்பு அதில் 53 ஆக, பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட பிரிவினருக்கு 58 ஆக உயர்ந்திருந்தது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும் என்பதால், நான் படித்த தொடக்கப்பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1983ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நீல மையில் என் பெயர், பக்கத்தில் அப்பாவின் கைநாட்டு. அந்த ரேகையைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அம்மையார் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சான்றை எழுத உட்கார்ந்தார்.

டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டியில், பரணில் இருந்ததால் பிழைத்தன. குறிப்பேடுகள் கூழாகிப்போயின. ஜனவரி 7இல் நடக்கவிருந்த தேர்வு பிப்ரவரி 4க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிடைத்த நான்கு வாரத்தில் மறுபடி குறிப்பு எழுதினேன். கட்டாயத் தமிழ்த் தாளில் 50க்கு 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். இந்தியிலேயே ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகிய நம்மவர்கள் இதை லேசாக எண்ணக் கூடாது.

இப்போது சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் சான்றிதழ்க் கோப்போடு யாராவது வந்துவிடுகிறார்கள். பொங்கல் விடுப்பில் வந்த பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, 15 வருடம் முடித்தால் பட்டம் கொடுத்துவிடுவார்களாமே?" கல்லூரியில் என்னிடம் சொன்னதையே அவனிடமும் சொன்னேன், இன்னும் கொஞ்சம் மெதுவாக. சேவைப் புத்தகத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னேன். அவனுக்கு இன்னும் நான்கு ஆண்டு சேவை பாக்கி. போன வாரம் பி.ஏ. சேர்க்கைக் கட்டணம் கட்டிய ரசீதை முகாமிலிருந்து படம் எடுத்து அனுப்பியிருந்தான்.