பதினெட்டரை கிராம் பதக்கம்

சௌகார்பேட்டையில் வெள்ளிச் சாமானில் பேர் வெட்டுவதுதான் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. குத்துவிளக்கு, சீர்த்தட்டு, குழந்தைக்கு வாங்கும் டம்ளர், பெரும்பாலும் இவைதான்.

சில வருடங்களுக்கு முன் காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்து ஏழு பதக்கம் வேண்டும் என்றார். இஞ்சின் பழுதாகி அவரும் இன்னும் மூன்று பேரும் ஃபைபர் படகில் ஐந்து நாள் மிதந்திருக்கிறார்கள், இவர்களைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்த லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில், ஏழு பேர்.

நான் சும்மா இருக்காமல் மேதாவித்தனம் காட்டினேன். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது 700 பேருக்கு மேல் ஏற்றி வந்த கார்பேத்தியா கப்பல்காரர்களுக்குப் பிழைத்தவர்கள் பதக்கம் கொடுத்தார்கள். கேப்டனுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் தங்கம், மற்ற அதிகாரிகளுக்கு வெள்ளி, மீதிப்பேருக்கு வெண்கலம், அந்த மாதிரி டிரைவருக்கு மட்டும் தங்க முலாம் பூசலாமே என்றேன்.

"கரி அள்ளிப் போட்டவனுக்கு?"

"வெண்கலம்தான்."

"அவன் போடாம கப்பல் எப்டிண்ணே வந்துச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த ராத்திரி வழக்கமான வேகத்தைத் தாண்டி கார்பேத்தியா ஓடியதே கொதிகலனுக்குக் கரி போட்டவர்களால்தான். சரி, டிரைவர் முதல் சமைக்கும் பண்டாரி வரை எல்லோருக்கும் இருபது கிராம், 92.5 சதவீத வெள்ளி என்று முடிவாயிற்று. சுத்த வெள்ளி ரொம்ப மிருது, செம்பு கலந்தால்தான் உழைக்கும்.

இங்கிலீஷ் எழுத்தென்றால் நேர்கோடு, சீக்கிரம் முடியும். தமிழில் ஒரு 'ண' வெட்டுவதற்குள் பதக்கத்தை மூன்று தடவை திருப்ப வேண்டும். சுழிக்கு உளி திரும்பாது, வெள்ளிதான் திரும்ப வேண்டும். ஏழு பேரின் பெயர், படகு எண், தேதி. கொடுப்பவர்கள் பெயரையும் போடவா என்றதற்கு, "எங்க பேரு எதுக்கு?" என்றுவிட்டார்.

தப்பு தேதியில் நடந்தது. சீட்டில் இரண்டு தேதி இருந்தது, முதல் பதக்கத்தில் இவர்கள் கடலுக்குப் போன நாளை வெட்டிவிட்டேன். அவர் கேட்டது இவர்களைக் காப்பாற்றிய நாள். டைட்டானிக் பதக்கத்தில் இந்தக் குழப்பமே இல்லை, மூழ்கியதும் காப்பாற்றியதும் ஒரே ஏப்ரல் 15. அப்புறம் அரம் போட்டு ராவி, பாலிஷ் பண்ணித் தராசில் வைத்தால் 18.5 கிராம்.

என் கைக்காசில் புதிதாக ஒன்று செய்து கொடுத்தேன். ராவியது மேசை டிராயரில் கிடக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் '7' மட்டும் இன்னும் தெரியும்.