முயலைத் துரத்திய மலை: இரண்டு ஊர்ப் பாட்டு பழகிய கதை

ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகள் மண்டையில் ஏறுவதாக இல்லை. சரி, பாட்டாவது ஏறட்டும் என்று அவர்களுடைய ஊர்ப் பாட்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டேன். துணைக்கு ஒரு பழைய கீபோர்டு, சின்ன வயதில் கற்ற அரைகுறை ஸ்வர ஞானம்.

முதலில் ‘ஃபுருசாதோ’. சொந்த ஊர் என்று அர்த்தம். 1914-இல் ஆறாம் வகுப்புப் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. எழுதிய தகானோ தாத்சுயுகி நகானோ மாகாணத்துக்காரர், மெட்டமைத்த ஒகானோ தெய்இச்சி தொத்தோரிக்காரர். பாட்டில் எந்த ஊரின் பெயரும் கிடையாது. ஒரு மலை, ஒரு ஆறு, அப்பா அம்மா, கூட்டாளிகள், அவ்வளவுதான். யார் பாடினாலும் அவரவர் ஊர் ஆகிவிடுகிறது.

மெட்டு ஒரே மாலையில் வந்துவிட்டது. சங்கராபரண ஸ்வரங்கள்தான்: ஸ ஸ ஸ, ரீ க ரி, க க ம, பா. மும்மூன்றாக எண்ண வேண்டும். ஆதி தாளத்தில் ஊறிய என் கை நான்காவது தட்டைத் தேடித் தேடி இரண்டு நாள் படுத்தியது.

உதைத்தது சொல்லில். முதல் அடி ‘உசகி ஒயிஷி கனோ யமா’, அதாவது ‘முயலைத் துரத்திய அந்த மலை’. ‘ஒயிஷி’யின் கடைசி எழுத்தை ராகத்துக்காகக் கொஞ்சம் நீட்டினேன். பதிவு செய்து கேட்டால் ‘ஒயிஷீ’ என்று விழுகிறது. அதற்கு ருசியானது என்று பொருள்! முயல் ருசி என்று உருகி உருகிப் பாடியிருக்கிறேன். ஜப்பானியக் குழந்தைகளே இப்படித்தான் புரிந்துகொள்வார்களாம், அதில் ஒரு ஆறுதல்.

நீட்டல் குறுக்கலை அவர்கள் எண்ணுவது நம் மாத்திரைக் கணக்கு மாதிரிதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆனால் நமக்கு அரை மாத்திரையான ஒற்று அங்கே முழு ஒன்று. விரல் விட்டு எண்ணினால் ‘ஃபுருசாதோ’ அடிகள் ஆறும் நாலுமாக ஓடுகின்றன. எண்ணிப் பாடத் தொடங்கிய பிறகுதான் முயல் சாப்பாட்டுத் தட்டிலிருந்து மலைக்குத் திரும்பியது.

அப்புறம் ‘ஷினானோ நோ குனி’. ஷினானோ நாடு. நகானோவின் பழைய பெயர் அது. அசாய் கியோஷி 1899-இல் எழுதினார், கிதமுரா சுவெஹாரு 1900-இல் இப்போதைய மெட்டைக் கொடுத்தார், 1968-இல் மாகாணப் பாட்டாக அறிவித்தார்கள். ஆறு சரணம். முதல் முறை படித்தபோது, உண்மையைச் சொன்னால், ஏமாற்றம். பத்து நாடுகளோடு (அந்தக் கால மாகாணங்கள்) எல்லை, நாலு சமவெளி, இன்னின்ன மலை, இன்னின்ன ஆறு, பட்டுப்புழு வளர்ப்பு, கடைசியில் உசுய் கணவாயின் 26 ரயில் சுரங்கங்கள்கூட! பூகோளப் பாடத்துக்கு மெட்டுப் போட்டதுபோல இருந்தது.

ஆனால் 1948-இல் மாகாணத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் சபைக்கு வந்தபோது, பார்வையாளர் பகுதியில் இருந்தவர்கள் இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். பிரிவினை நடக்கவில்லை. பாட்டு மட்டுமே தடுத்தது என்று நான் நம்பமாட்டேன், ஓட்டுக் கணக்கும் இருந்திருக்கும். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாடியபோது பட்டியல் பட்டியலாகத் தெரியவில்லை. வடக்கே ஸென்கோஜி, நடுவே மத்சுமோதோ, தெற்கே இனா என்று ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ‘கடல்தான் இல்லை’ என்று ஒப்புக்கொண்டு, மற்றதெல்லாம் நிறைய உண்டு என்கிற அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மலைநாட்டு ரோஷம்.

இதில் அடி ஏழும் ஐந்தும். ‘ஷி-ந-னோ-னோ-கு-நி-வ’ ஏழு. அடுத்து வரும் ‘ஜிஷ்ஷூனி’யில் ஒற்றும் நெடிலும் சேர்ந்துதான் ஐந்தாகும். நான் ஒற்றில் நிற்காமல் ஓடி, ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு முன்னால் போய் நின்றேன். அந்த இடத்தில் மூச்சை நிறுத்திப் பழக ஒன்பது நாள் ஆனது.

இன்றைய நிலவரம்: ‘ஃபுருசாதோ’ மூன்று சரணமும் பார்க்காமல் வருகிறது. ஷினானோவில் மூன்று சரணம் தேறின. நாலாவதில் நடை மெதுவாகி மெட்டே மாறுகிறது. அங்கேதான் நிற்கிறேன். நேற்று இரவு அதைப் பதிவு செய்தேன், பாதியில் குக்கர் விசில் விழுந்தது. பரவாயில்லை, ஸ்ருதியும் அங்கே சரியாக இல்லை.