அம்மாவின் ரிப்போர்ட்

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் துவைக்கப் போட்ட உள்பாவாடையில் காசு அகலத்துக்கு ரத்தக் கறை. "சூடா இருக்கும்டி, வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சா சரியாயிடும்" என்றாள். நான் விடவில்லை.

ஸ்கேனில் கர்ப்பப்பை பெரிதாகி, சுவர் தடித்திருந்தது. அடினோமயோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்வது. பெரும்பாலும் புற்றாக மாறாது. பயாப்ஸியிலும் ஒன்றும் இல்லை என்று வந்ததும் அம்மா கேசரி கிளறினாள்.

ஆனால் கசிவு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்புறம் வந்த ரிப்போர்ட்டில்தான் இருந்தது: உள்சவ்வில் புற்று இல்லை, தசைக்குள் இருக்கிறது.

எனக்கு பயாப்ஸி மேல் கோபமாக வந்தது. டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு பேரிக்காய் வரைந்து, உள்ளே பேனாவால் சுரண்டிக் காட்டினார். பயாப்ஸி எடுப்பது இந்த உள்சவ்வை மட்டும்தானாம். சுவருக்குள் புதைந்திருப்பது அதில் சிக்காமல் போகலாம். அடினோமயோசிஸில் பிறந்த புற்று என்று சொல்ல 1959-லேயே கோல்மன், ரோசந்தால் என்ற இருவர் விதி வகுத்திருக்கிறார்கள். உள்சவ்விலோ இடுப்புக்குள் வேறெங்கோ புற்று இருக்கக் கூடாது. தசைக்குள் புகுந்த உள்சவ்வின் சுரப்பிகளிலிருந்தே அது கிளம்பியது மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டும். சுற்றி உள்சவ்வின் திசுவும் இருக்க வேண்டும். மிக அரிதானது இது.

அந்தச் சீட்டு இப்போதும் அம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டது என்று எந்தச் சித்தி, அத்தை சொன்னாலும் அதைப் பிரித்துக் காட்டுகிறாள்.