அம்மாவின் பொருத்தனை: நோங்சாவ்லியா ஆலயத்தில் ஒரு ஞாயிறு

கண் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அம்மா செய்த பொருத்தனை இது. பார்வை திரும்பினால், மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் ஐயா பள்ளிக்கூடம் வைத்த ஊருக்குப் போய் ஆராதனையில் உட்கார்ந்து, காணிக்கை போட்டுவிட்டு வருவேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். ஒரு மொழிக்கு எழுத்து அமைத்துக் கொடுத்த மிஷனரி என்றால் அவருக்குத் தனிப் பிரியம். விடுமுறை வேதாகமப் பள்ளியில் வருஷா வருஷம் அந்தக் கதைதான்.

காசி மலைக்குப் போகிறோம் என்றதும் தெருவில் இரண்டு பேர் கங்கைத் தீர்த்தம் கேட்டார்கள். இது மேகாலயாவில் இருக்கிற காசி. நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊரை அங்கே சோரா என்கிறார்கள். நோங்சாவ்லியா ஆலயம் அங்கேதான்.

குவாஹாட்டியில் இறங்கியதிலிருந்தே வாடகைக் கார் தரகர்களின் தொல்லை. ஒருவர் அம்மாவின் பையையே தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஷில்லாங்கிலும் அதே கதை. எல்லாரும் அருவி, குகை என்று ஏழு 'பாயிண்ட்' கணக்குச் சொல்கிறார்கள். நோங்சாவ்லியா சர்ச் என்றால், "அது பாயிண்ட் இல்லையே" என்கிறார்கள். கடைசியில் ஒரு தம்பி, அவரும் சபைக்காரர், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்றார். சொன்னபடி வந்தார். ஐம்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் பாதி வழியில் மூடுபனி. எதிரே வரும் வண்டியின் விளக்குகூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் மழை. 1860 ஆகஸ்டிலிருந்து ஒரே வருஷத்தில் 26,461 மில்லிமீட்டர் பெய்த ஊர். அம்மா வாய்க்குள் சங்கீதம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜோன்ஸ் ஐயா வந்து சேர்ந்ததும் இதே மழைக்காலத்தில்தான், 1841 ஜூன் 22. வேல்ஸ் நாட்டுத் தச்சுக்குடும்பத்துப் பிள்ளை. மறு வருஷமே மௌஸ்மாய், மாவ்ம்லு, சோரா என்று மூன்று பள்ளிக்கூடம். அவருக்கு முன்பே செராம்பூர் மிஷன் காசி மொழியை வங்காள எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தது, அது மக்களிடம் ஒட்டவில்லை. இவர் ரோமன் எழுத்தை எடுத்து, தன் வேல்ஸ் மொழி வழக்கப்படி அமைத்தார். அதனால் அவர்கள் அரிச்சுவடியில் ஏ, பி-க்கு அடுத்து சி கிடையாது, கே வரும். 'ங்' ஒலிக்கும் தனி இடம் உண்டு. இதைக் கேட்டதும் அம்மா, "நம்ம ங மாதிரியே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நோங்சாவ்லியா சபை 1846-இல் உருவானது. காசி மலைகளின் முதல் சபை. நாங்கள் உள்ளே நுழையும்போது முதல் பாட்டு தொடங்கிவிட்டது. நனைந்த சேலையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த பெண் பாட்டுப் புத்தகத்தை விரித்து, நான்காவது வரியில் விரல் வைத்துக் காட்டினார். மெட்டு எங்கள் சபையில் பாடுகிற மெட்டேதான். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பாட ஆரம்பித்தார்! ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. நடுவில் 'ஜீசு' என்று வந்த இடத்தில் மட்டும் குரல் உடைந்தது. திரும்பக் கிடைத்த கண்ணால் அம்மா வாசித்த முதல் காசிப் பாட்டு. பிரசங்கம் முழுவதும் நான் அழுதுகொண்டே இருந்தேன். ஆண்டவரே, அந்த ஒரு பாட்டுக்காகவே உமக்குக் கோடி ஸ்தோத்திரம்.

ஆராதனை முடிந்ததும் சிவப்புத் தேநீரும், தோசை மாதிரி புதாரோவும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடிக்கிடக்கும். அவர்கள் மட்டும் கவனிக்காவிட்டால் பட்டினிதான். அந்த அன்பை எப்படிச் சொல்ல! பள்ளி ஆசிரியை ஒருவர் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். படியெல்லாம் பாசி. அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய சோதனை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஜோன்ஸ் ஐயாவின் கல்லறை இங்கே இல்லை. மனைவி ஆன் 1845-இல் காலமானார். மறுமணத்துக்குப் பிறகு 1847-இல் மிஷன் அவரை விலக்கிவிட்டது. ஏழை காசி மக்களுக்காக ஹாரி இங்லிஸ் என்ற ஆங்கில வியாபாரியை எதிர்த்து நின்று, மலையைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. 1849-இல் மலேரியாவில் கல்கத்தாவில் மரித்தார், வயது 39. அங்கே ஸ்காட்டிஷ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். விலக்கப்பட்ட அந்த மனிதரின் பெயரில்தான் இன்று இந்த மலைகளில் ஜூன் 22 அரசு விடுமுறை.

பாசி படர்ந்த ஒரு கல்லை அம்மா முந்தானையால் துடைத்தார். அந்த ஆசிரியை வெற்றிலையில் பாக்கு மடித்து நீட்டினார், அவர்கள் வழக்கில் க்வாய். ஒருவர் இறந்தால், கடவுளின் வீட்டுக்குக் க்வாய் தின்னப் போயிருக்கிறார் என்று சொல்வார்களாம். ஆயுசில் வெற்றிலை போடாத அம்மா அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். பச்சைப் பாக்கின் சூட்டில் அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது. "குப்லேய்" என்றார், அன்று காலை கற்றுக்கொண்ட ஒரே காசி வார்த்தை. நன்றிக்கும் அதுதான், கடவுள் ஆசீர்வதிப்பாராக என்பதற்கும் அதுதான்.