பம்பு நின்ற பிறகு

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தேன் என்றதும் எங்கள் தக்கலைப் பக்கத்து ஆட்களுக்கு மனதில் வருவது விளக்கு மாட்டிய தொப்பியும் கரி அப்பிய முகமும்தான். நான் பார்த்ததோ மூடிய சுரங்கத்தில். "மூடின சுரங்கத்துல பெறவு என்ன வேலை?" என்று கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்பார்கள். தண்ணீர் அளக்கிற வேலை என்பேன். அதற்கெல்லாம் சம்பளமா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், முகத்திலேயே தெரியும்.

குமரி மாவட்டத்தில் நிலக்கரி கிடையாது. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தாது பிரிக்கிறார்கள், மலையோரத்தில் கல் உடைக்கிறார்கள், அவ்வளவுதான். நான் இருந்தது தெலங்கானாவில், கோதாவரிப் படுகையில். அங்கே நிலத்தடிச் சுரங்கம் இயங்குகிற காலம் முழுக்க இரவும் பகலும் பம்பு ஓடும். ஊறி வருகிற தண்ணீரை வெளியே தள்ளாவிட்டால் ஆள் இறங்க முடியாது. வருஷக்கணக்கில் அப்படி இறைத்ததில் சுற்றுவட்டாரக் கிணறுகளும் வற்றிப் போயிருக்கும். மூடும்போது பம்பைக் கழற்றிவிடுவார்கள். அப்புறம் காலியான பாதைகளும், கரி எடுத்த பின் கூரை இடிந்து கிடக்கும் இடங்களும் மெல்ல நிரம்பத் தொடங்கும். சில இடங்களில் சில வருடங்களில் நிரம்பிவிடும், சில இடங்களில் ஒரு தலைமுறையே ஆகும். அந்த ஏற்றத்தைக் கவனிப்பதுதான் வேலை.

கருவி ஒன்றும் பெரிதில்லை. பீசோமீட்டர் என்று பெயர்தான் பெரியது. பூமியில் துளை போட்டு இறக்கிய குழாய். அதற்குள் டேப்பை விட்டால் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று கத்தும். குழாயின் விளிம்பில் பெயின்டால் ஒரு அடையாளம் இருக்கும், எப்போதும் அந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டிருந்தால், இந்தப் பக்கம் வைத்து அளப்பதற்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் வரும். அந்த விரற்கடைதான் சில மாதங்களில் மொத்த ஏற்றமே. இன்னொரு வேடிக்கை, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஆழமான சில குழாய்களில் ஒரு சொட்டு மழை விழும் முன்பே தண்ணீர் கொஞ்சம் மேலே வரும். மேலே அழுத்துகிற காற்று லேசாகிறதே, அதனால். இது தெரியாமல் அறிக்கை எழுதினால் மானம் போகும்.

மாதாமாதம் அளந்த நீர்மட்டத்தைக் கோடாக வரைவோம். அந்தக் கோடு ஏறாமல் படுத்துவிட்டால் புதிதாக வருகிற பையன்களுக்கு ஒரே சந்தோஷம். "சார், தண்ணி நின்னுடுச்சு" என்பார்கள். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்கிறது என்றால், ஒன்று, சுற்றியுள்ள நிலத்தடி நீரோடு சமமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியேற எங்கேயோ வழி கிடைத்திருக்க வேண்டும். அந்த வழி ஓடைக்கரையில் கசிவாக இருக்கலாம், பழைய காற்றுக்குழியாக இருக்கலாம். அதைத் தேடிப் பிடித்துவிடலாம். பக்கத்தில் இன்னும் ஆட்கள் இறங்கி வேலை செய்கிற சுரங்கத்துக்குள் இருந்தால்?

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் நடந்தது அதுதான். கைவிடப்பட்ட சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததில் 370 பேருக்கு மேல் இறந்தார்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்திலும் பழைய பகுதியின் தண்ணீர்தான் புகுந்தது. 71 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேர் இறந்துபோக, மற்ற 65 பேரையும் மேலிருந்து துளை போட்டு, இரும்புக் கூண்டை இறக்கி, ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். உதவிக்குத் தானே கூண்டில் உள்ளே இறங்கினார். அதனால், கோடு படுத்தால் நாங்கள் ஓடைகளைச் சுற்றி நடப்போம். எந்தப் பாதை எங்கே முடிகிறது என்பதில் பழைய சுரங்க வரைபடத்தைவிட ஓய்வு பெற்ற தொழிலாளிகளைத்தான் நான் நம்பினேன். வெற்றிலையை மென்றபடி, "இந்த மரத்துக்கு நேர் கீழே நாங்கள் போயிருக்கிறோம்" என்று தெலுங்கில் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அளவைப் போலவே தண்ணீரின் தரமும் முக்கியம். கரியோடு பைரைட் என்கிற கந்தக இரும்புத் தாது இருக்கும். காற்றும் தண்ணீரும் பட்டால் அது அமிலமாகும், இரும்பு கரையும். அசாம், மேகாலயா கரியில் கந்தகம் அதிகம், அங்கே ஓடையே புளித்துவிடும். கோதாவரிக் கரியில் கந்தகம் குறைவு. ஆனாலும் உப்பும் சல்பேட்டும் ஏறும், இரும்பும் வரும். ஆழத்திலிருந்து எடுக்கும்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அப்படியே பாட்டிலை ஜீப் சீட்டில் வைத்துவிட்டு சாப்பிட்டு வந்து பாருங்கள், கட்டன்சாயா நிறத்தில் கலங்கி அடியில் துரு படிந்திருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. மேலே தெளிந்ததை மட்டும் லேபில் சோதித்தால் இரும்பே இல்லை என்று ரிசல்ட் வரும். அதனால்தான் எடுத்த இடத்திலேயே வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு மூடுகிறோம்.

மூடிய சுரங்கத்தில் தண்ணீர் முதன்முறை நிரம்பும்போதுதான் மிக மோசமாக இருக்கும், இத்தனை வருஷம் சுவரில் பூத்த உப்பையெல்லாம் அது கழுவிக்கொண்டு வரும். பிறகு மெல்ல மெல்லத் தேறும். அந்தத் தேறுதலைப் பார்க்கத்தான் ஆள் இருப்பதில்லை. 2009இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, சுரங்கத்தை மூடுகிற செலவுக்கு நிறுவனங்கள் எஸ்க்ரோ கணக்கில், அதாவது தங்கள் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனிக் கணக்கில், முன்கூட்டியே பணம் போட்டுவர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலி போட்டதைப் படம் எடுத்துக் காட்டலாம், மரம் நட்டதை எண்ணிக் காட்டலாம். மாசம் தவறாமல் டேப்பை இறக்கியதை என்னவென்று காட்டுவது? செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைப்பது அதில்தான்.

ஊருக்கு வந்த பிறகும் இது விடவில்லை. போன மழைக்காலத்தில் அருமனையிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, ரப்பர் தோட்டத்துக்குக் கீழ உள்ள கெணத்துல எண்ணெய் மெதக்குது. பெட்ரோல் கெடச்சாச்சு போல, ஒண்ணு வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். வானவில் நிறத்தில் ஒரு படலம். நீளக் கம்பால் குத்தச் சொன்னேன். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, துண்டு துண்டாக விலகி நின்றது. எண்ணெயாக இருந்தால் விலகிய இடம் உடனே கூடிக்கொள்ளும். இது இரும்புப் பாக்டீரியா வேலை. செம்மண்ணும் வெட்டுக்கல்லுமான பூமியில் அது சாதாரணம், நான் சுரங்கத்து ஓடைகளில் பார்த்ததும் இதே படலம்தான். பையனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனால் மேலே ஒரு பழைய கல்குவாரியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதற்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டான். நல்ல கேள்வி. ஒருநாள் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கிணறு வருஷத்தில் இரண்டு தரம் ஏறி இறங்கும். இரண்டு இடத்தையும் ஒரே நாளில், வருஷம் முழுக்க அளந்தால்தான் ஏதாவது சொல்லலாம். சரி என்று ஆரம்பித்திருக்கிறான், வாட்ஸ்அப்பில் கணக்கு வருகிறது. எங்கிருந்து அளந்தாய் என்று கேட்டால் கிணற்றுச் சுவரிலிருந்து என்கிறான். சுவரில் எந்த இடம் என்றால் சிரிக்கிறான். அடுத்த வாரம் ஒரு சின்ன டப்பா பெயின்டோடு போக வேண்டும்.